நாலு மணி ஆட்டம், நாலு மணி அடக்கம்

சென்ற வாரம் உங்கள் பயிற்சி வகுப்பில் நான் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டார்: "மேடம், ஒரு மைதானத்துல ஏதோ பிரச்சினை, ஆட்டம் லேட்டாகுது. சரி. அதுக்காக எங்கேயோ இருக்கிற இன்னொரு மைதானத்துல அத்தனை ஜனத்தையும் எதுக்கு வெயில்ல உக்கார வச்சிருக்கணும்? அவங்க பாட்டுக்கு ஆரம்பிச்சுட்டுப் போகட்டுமே?"

விதிப்புத்தகத்தைப் பார்த்து ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் 1991ஆம் ஆண்டின் ஒரு பிற்பகல் கண்முன்னே வந்து நின்றுவிட்டது. "எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். அந்தப் பிற்பகலைத்தான் இப்போது எழுதுகிறேன். சர்வதேச ஆட்டங்களுக்கு அட்டவணை போடும் வேலைக்கு வந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

நான் இந்த வேலைக்கு விரும்பி வந்தவள் அல்ல. சுருக்கெழுத்து படித்துவிட்டு, கால்பந்து சங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்யச் சேர்ந்தேன். எந்த அணிக்கு எப்போது விமானம், எந்த விடுதியில் எத்தனை அறை காலி, எந்த மைதானத்தில் எப்போது தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் தட்டச்சு செய்து செய்தே என் தலையில் ஏறிவிட்டது. எங்கள் செயலாளர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் நீதான் ஞாபகம் வச்சிருக்கே. இனிமே அட்டவணையையும் நீயே போடு" என்றார். அவ்வளவுதான் என் நியமனம். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. தன் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது.

அந்த ஆண்டு மாசி மாதத்தில் நான்கு நாட்டுப் பெண்கள் தேசிய அணிகளை அழைத்து ஒரு சிறிய போட்டி நடத்தினோம். பெண்கள் ஆடும் கால்பந்தா என்று பலர் சிரித்த காலம். எங்களுக்குச் சென்னையில் ஒரே ஒரு நல்ல மைதானம்தான் கிடைத்தது. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்று அணிகளோடு மோத வேண்டும். முதல் இரண்டு இடத்தில் வரும் அணிகள் இறுதிப் போட்டிக்குப் போகும்.

கடைசிச் சுற்றில்தான் சிக்கல். நம் அணி ஓர் எதிரணியோடு சென்னையில் ஆட வேண்டும். மற்ற இரண்டும் ஒரு தீவு நாட்டு அணி, ஒரு மலை நாட்டு அணி. மலை அணிக்கு இறுதிப் போட்டி ஏறக்குறைய உறுதி. மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு நம் அணியும் தீவு அணியும் ஒரே புள்ளியில் நின்றன. கோல் கணக்கில் தீவு அணி ஒரு படி மேலே. அதாவது, சென்னையில் நம் அணி எந்த முடிவை எட்டுகிறதோ அதே முடிவைத் தீவு அணி எட்டினால் போதும், இடம் அவர்களுக்கு. சென்னை ஆட்டம் முந்தி முடிந்துவிட்டால், தங்களுக்கு வெற்றி தேவையா, டிரா போதுமா என்று தெரிந்துகொண்டே அவர்கள் ஆடுவார்கள். அதனால்தான் இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்பது. ஒரே நேரத்தில் என்றால் இரண்டாவது மைதானம் வேண்டும்.

அது கிடைத்தது ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, ஒரகடம் போகிற பக்கத்தில். இன்று நீங்கள் பார்க்கிற வரிசைத் தொழிற்சாலைகள் அன்று இல்லை. ஏரியும் வயலும் சவுக்குத் தோப்பும்தான். நடுநடுவே ஒன்றிரண்டு ஆலைகள். ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை உலகம் முழுவதும் வேறொரு துக்கத்துக்காக அறிந்துகொள்ள இன்னும் சில மாதங்கள் இருந்தன. அந்த ஆலைகளில் ஒன்று தன் தொழிலாளர்களுக்காக அருமையான புல்தரை மைதானம் ஒன்று போட்டிருந்தது. சுற்றிலும் மதில். முன்னால் ஒரு கேட், பின்னால் ஒரு கேட். போய்ப் பார்த்தேன். புல் நன்றாக இருந்தது, உடை மாற்ற அறை இருந்தது, தொலைபேசி இருந்தது. விளக்குதான் இல்லை. நாலு மணிக்குத் தொடங்கினால் வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம். ஒப்புக்கொண்டேன்.

ஆட்டத்தன்று காலையிலேயே போய்விட்டேன். மதியம் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பிறகு, பின்பக்கத்தில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஆலையின் பர்சனல் ஆபீசர், கேட் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் நின்ற நாலைந்து பேரிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு முடியாதுப்பா. வெளிநாட்டு டீம்லாம் வந்திருக்காங்க. ரோடு சுத்திப் போங்களேன்."

"இன்னா சார் இப்டி சொல்ற? ரோட்டு வழியா பொணத்த தூக்கிகினு எங்க போறது? பழய மேனேஜரு இன்னா சொன்னாரு? சாவுன்னா கேட்டு தொறந்து வுடுவோம்னு சொன்னாரா இல்லையா?" என்றார் முன்னால் நின்றவர். அழுது சிவந்த கண். தோளில் துண்டு.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய கத்தோலிக்க ஊர். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் ஆலைக்கு இந்தப் பக்கம். ஆலை வருவதற்கு முன்னால் வயல் வரப்போடு நேராகப் போய்விடுவார்கள். நிலத்தை ஆலை வாங்கி மதில் எழுப்பியபோது, யாராவது இறந்தால் மட்டும் இரண்டு கேட்டையும் திறந்து விடுவதாக வாய்ப்பேச்சாக ஓர் ஏற்பாடு. அன்று விடியற்காலையில் ஒருவர் இறந்துவிட்டார். பெயர் சவரிமுத்து. அடக்கம் நாலு மணிக்கு. என் ஆட்டமும் நாலு மணிக்கு.

கேட்டருகே அழுத கண்ணோடு நின்றவர் இறந்தவரின் தம்பி, சின்னப்பன்.

பர்சனல் ஆபீசரை ஓரமாக அழைத்துக் கேட்டேன். கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர். "மேடம், ஒருநாள் இத்தனை ஜனம் பாக்க, வெளிநாட்டுக்காரங்க பாக்க விட்டுட்டா, நாளைக்கு வழியுரிமைன்னு கோர்ட்டுக்குப் போவாங்க. பம்பாய் ஆபீஸைக் கேக்காம நான் எப்படித் திறக்கறது? இன்னைக்கு லீவு வேற, அங்க யாரும் எடுக்கலை."

"நாலு மணிக்கு முன்னாடி எடுத்துட்டீங்கன்னா?" என்று சின்னப்பனிடம் கேட்டேன். என் மனம் அப்போதும் அட்டவணையில்தான் இருந்தது.

"எப்டிமா எடுக்கறது? அண்ணன் பொண்ணு விழுப்புரத்துல வேலைல கீது. ஒரே பொண்ணு. ரயிலேறி வந்துகினு கீது. அது மூஞ்சிய பாக்காம எப்டி மூடுவோம்?"

ஆட்டத்துக்குப் பிறகு என்று கேட்க வாய் வரவில்லை. மாசி வெயில். ஐஸ் பெட்டியெல்லாம் அந்தப் பக்கம் வராத காலம். ஆறு மணிக்கு மேல் இருட்டு.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடி வந்ததும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே முடிவெடுத்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். துடிக்கட்டும். அதற்குள் அந்தப் பக்கம் ஒருமுறை போய்விட்டு வந்துவிடுங்கள். நான் சின்னப்பனோடு ஊருக்குள் போனேன்.

ஓட்டு வீடு. வாசலில் பந்தல், பெஞ்சுகள். உள்ளே பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் சிலுவையும் மெழுகுவர்த்தியும். பக்கத்தில் அவர் மனைவி அன்னம்மாள். சின்னப்பன் என்னைக் காட்டி, "பந்தாட்டத்துக்கு வந்த மேடம்" என்றார். பெண்கள் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்கள். நான் அன்னம்மாள் அருகில் தரையில் உட்கார்ந்தேன். கைகூப்பினேன்.

அந்த அம்மாதான் பேசினார். சொல் தெளிவாக இருந்தது. "அந்த மைதானத்துல பாதி எங்கூட்டுக்காரரு நெலம்தாம்மா. பொண்ணு படிப்புக்குன்னு வித்தாரு. நெலத்ததான் வித்தாரு. வழிய விக்கல."

"இன்னைக்கு அங்க ஆட்டம் இருக்கும்மா" என்றேன்.

"கேள்விப்பட்டேன். பொம்பள பசங்களாமே, வேற தேசத்துலேர்ந்து?" என்றார். "அதுங்களுக்கு ஒண்ணும் பண்ண மாட்டோம். போயிடுவோம். அவரு போற வழி அது. வேற வழில தூக்கினு போனா எனக்கு மனசு ஆறாதும்மா."

வேறொன்றும் அவர் கேட்கவில்லை. கெஞ்சவில்லை, கோபப்படவில்லை. நான் எழுந்து வெளியே வரும்போது என் முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டிருந்தது. சவரிமுத்து அந்த வழியாகத்தான் போவார். அதற்குப் பிறகுதான் ஆட்டம். பிள்ளை ரயிலில் வருகிறாள். ரயில் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்காவிட்டால் வெளிச்சத்தில் முடியாது. மறுநாள் காலை தீவு அணிக்குத் திரும்பும் விமானம். தோற்றால் ஊருக்கு, ஜெயித்தால் டிக்கெட்டை மாற்ற வேண்டும். இன்னொரு நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மைதானத்துக்கு வந்து ஆட்ட ஆணையரைத் தேடினேன். எங்கள் விளையாட்டில் ஆட்டம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க மூன்றாவது நாட்டிலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். அவர் சம்மதிக்காமல் பந்து உருளாது. அன்று வந்திருந்தவர் வயதானவர், பேச்சு குறைந்தவர். நான் விஷயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சென்னையும் காத்திருக்குமா?"

"கேட்கிறேன்" என்றேன்.

"சென்னை காத்திருந்தால் நானும் காத்திருக்கிறேன். அங்கே தொடங்கிவிட்டால் இங்கேயும் தொடங்க வேண்டும்" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, "அந்தப் பெண் எந்த ரயில் நிலையத்தில் இறங்குவாள்?" என்றார்.

"சிங்கப்பெருமாள் கோவில்."

"அங்கிருந்து?"

"பஸ் வரும்போது வரும்."

தனக்காகக் கொடுத்திருந்த அம்பாசிடர் காரைக் கை காட்டினார். டிரைவர் பாஷா பாய் விஷயம் கேட்டதும் சீட்டில் விரித்திருந்த வெள்ளைத் துணியைச் சரிசெய்தார். "கவலைய வுடுங்க மேடம். பொண்ண கண்டுபிடிக்க யாரையாவது கூட அனுப்புங்க, நான் பறந்து வந்துடறேன்" என்றார். சின்னப்பன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அடுத்து தொலைபேசி. ஆலையின் வரவேற்பறையில் நின்று சென்னைக்குப் பேசினேன். அங்கே மைதானம் நிரம்பிக்கொண்டிருந்தது. ரிசீவரில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. செயலாளர் வந்தார்.

சொன்னேன்.

"சீஃப் கெஸ்ட் வந்து உக்காந்தாச்சும்மா" என்றார். "இவ்வளவு ஜனம் பொம்பளைங்க ஆட்டத்துக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லை. இவங்களை உக்கார வச்சு லேட் பண்ணா, நாளைக்குப் பேப்பர்ல நம்ம மானம் போயிடும். ஒண்ணு பண்ணு. நாங்க நேரத்துக்கு ஆரம்பிச்சுடறோம். நீ அரை மணி கழிச்சு ஆரம்பி. அந்தக் காட்டுக்குள்ள யாருக்கு என்ன தெரியப்போகுது?"

என் வாழ்க்கையில் அவருக்கு நான் மறுத்துப் பேசியதில்லை. வேலை கொடுத்தவர். ஆனால் அந்தக் கேள்விக்கு அட்டவணை போடுகிறவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"சார், மைதானத்தைச் சுத்தி பத்து டிரான்சிஸ்டர் இருக்கு. நம்ம ஸ்கோர் இங்க எல்லாருக்கும் கேக்கும். தீவு டீமுக்கு டிரா போதும்னு தெரிஞ்சா அவங்க கதவைச் சாத்திக்கிட்டு ஆடுவாங்க. போதாதுன்னா வேற மாதிரி ஆடுவாங்க. நாமளே பரீட்சைக் கேள்வியை ஒருத்தருக்கு மட்டும் முன்னாடியே காட்டின மாதிரி ஆயிடும். அப்புறம் நாம எந்த நாட்டைக் கூப்பிட்டாலும் எந்த மூஞ்சியோட கூப்பிடறது?"

"அந்த ஊர்வலத்தை நிறுத்த முடியாதா?"

"நிறுத்தலாம் சார். போலீஸைக் கூப்பிட்டா நிறுத்திடுவாங்க. ஆனா நான் அந்த வீட்டுக்குள்ள போய் உக்காந்துட்டு வந்துட்டேன்."

மறுபடி இரைச்சல் மட்டும் கேட்டது. அங்கே யாரோ ஒலிபெருக்கியில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நாலரை போதுமா?" என்றார் அவர்.

"போதும் சார்."

"நாலரை. சீஃப் கெஸ்டை நான் பாத்துக்கறேன். போன்கிட்ட ஒரு ஆளைப் போட்டு வை. நீ சொன்னதும் ரெண்டு பக்கமும் ஒண்ணா விசில் அடிக்கணும்" என்று வைத்துவிட்டார்.

பிறகு கேள்விப்பட்டேன். தலைமை விருந்தினரிடம் போய், "இன்னொரு மைதானத்து பக்கம் ஒரு சாவு, அவங்க போனப்புறம்தான் ஆரம்பிக்கறோம்" என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். போலீஸ் பேண்டு வாத்தியக்காரர்களை இன்னொரு சுற்று வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த அரை மணியும் மைதானத்தின் நடுவிலேயே நின்றிருக்கிறார். யாராவது கல்லெறிந்தால் முதலில் தன் மேல் விழட்டும் என்பதைப்போல.

மிச்சமிருந்தது கேட். அன்று ஒருநாளைக்கு மைதானம் எங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. சாவிக்கொத்து என்னிடம் இருந்தது. பர்சனல் ஆபீசரிடம் போய், "சார், கேட்டை நான் திறக்கறேன். நீங்க திறக்கலை. உங்க பம்பாய் ஆபீஸ் கேட்டா சங்கத்துக்காரங்க திறந்தாங்கன்னு சொல்லிடுங்க" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பின்கேட்டை மறைத்து விருந்தினர்களுக்காக ஷாமியானா போட்டிருந்தார்கள். ஓர் ஆள் நுழையலாமே தவிர, அதைப் பிரிக்காமல் கேட் முழுதாகத் திறக்காது. பிறகு கேன்டீன் பக்கம் போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். கேன்டீன் ஆட்கள் ஆறேழு பேரோடு திரும்பி வந்து, தன் சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் கயிற்றை அவரே அவிழ்த்தார்.

இரண்டு அணிகளின் பயிற்சியாளர்களுக்கும் சொன்னேன். மலை அணிக்காரர் தலையாட்டினார். தீவு அணியின் பயிற்சியாளர் ஒரு பெண்மணி. குள்ளமாக, வெயிலில் கறுத்து, எப்போதும் கழுத்தில் விசிலோடு இருப்பார். "எங்கள் பெண்கள் உடம்பைச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். அரை மணி உட்கார்ந்தால் ஆறிவிடுமே" என்றார். நியாயம்தான். "தெரியும்" என்றேன். "சரி, திரும்பச் சூடாக்குகிறோம்" என்று போய்விட்டார்.

நாலு மணி ஆயிற்று. கார் வரவில்லை. ஊரில் துக்கமணி அடித்தது. பங்குச் சாமியார் வந்துவிட்டார். நான் பின்கேட்டுக்கும் தொலைபேசிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். நாலே கால். சாலையில் தூசி எழும்பினால் கார் என்று பார்ப்பேன், லாரியாக இருக்கும். சென்னையிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். ஆணையர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததுமே அன்னம்மாள் புரிந்துகொண்டார்.

"நேரமாயிடுச்சாம்மா?"

என் கண் கடிகாரத்துக்குப் போயிற்று.

"மூடிடுங்கப்பா" என்றார் சுற்றி நின்றவர்களிடம். "அந்த பசங்க வெயில்ல எவ்ளோ நேரம் நின்னுகினு இருக்கும். எம் பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன்."

இரண்டு பேர் மூடியை எடுத்தார்கள். உண்மையில் நேரம் ஆகிவிட்டது. இன்னும் காத்திருந்தால் வெளிச்சம் போதாது என்று எனக்குத் தெரியும். அவர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். நான் சும்மா நின்றிருந்தால் போதும், யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், "இருங்க, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்மா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. எங்கிருந்து அந்த நேரத்தை எடுப்பேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அப்போதுதான் ஹாரன் கேட்டது. தெருமுனையிலிருந்தே விடாமல் அடித்துக்கொண்டு வந்தார் பாஷா பாய். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கி ஓடினாள். செருப்பு ஒன்று காரிலேயே விழுந்துவிட்டது. "அப்பா" என்று அவள் உள்ளே போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மதிலைப் பார்த்து நின்றேன்.

சற்று நேரத்தில் எடுத்துவிட்டார்கள். சிலுவை முன்னால், சாமியார், பிறகு பெட்டி, பின்னால் ஊர். வரப்பு இருந்த பழைய தடம் இப்போது ஆடுகளத்தின் ஒரு மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அங்கே புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தோம். மூலைக்கொடி நட்டிருந்தது. பெட்டி அந்த இடத்துக்கு வந்ததும் அன்னம்மாளின் குரல் கேட்டது. "கோட்ட மிதிக்காதீங்கடா. பசங்க ஆடற எடம். தாண்டிப் போங்க."

தோளில் பாரத்தோடு இருந்த அந்த ஆறு பேரும் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக் கோட்டைத் தாண்டினார்கள். பின்னால் வந்த முழு ஊரும் தாண்டியது. கிழவிகளும் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள். உடை மாற்றும் அறை வாசலில் இரண்டு அணிப் பெண்களும் வந்து நின்றிருந்தார்கள். யாரும் வரச் சொல்லவில்லை. பர்சனல் ஆபீசர் முன்கேட்டைத் திறந்துவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். ஊர்வலம் வெளியே போய்ச் சேரும் வரை மைதானத்தில் சத்தமே இல்லை. பிறகு நான் கோட்டைப் போய்ப் பார்த்தேன். ஒரு கால்தடம் இல்லை.

நாலரை தாண்டிவிட்டது. நடுவரும் இரண்டு அணித் தலைவிகளும் பேசி, இடைவேளையைப் பாதியாகக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். சென்னையிலும் அதேபோல் கேட்டு, அங்கேயும் ஒப்புக்கொண்டார்கள். தொலைபேசியில் "இப்போ" என்றேன். இரண்டு மைதானத்திலும் ஒன்றாக விசில் ஒலித்தது.

அந்த ஆட்டத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. கண் வானத்தில்தான் இருந்தது. ஆனால் கடைசிப் பகுதியை மறக்க முடியாது. சென்னையில் நம் அணி கோல் போடாமலே திணறிக்கொண்டிருந்தது. இங்கேயும் கோல் இல்லை. இப்படியே முடிந்தால் தீவு அணி இறுதிப் போட்டிக்குப் போயிருக்கும். ஆனால் அங்கே ஆட்டம் இன்னும் முடியவில்லையே! நம் அணி கடைசி நிமிடத்தில் ஒரு கோல் போட்டுவிட்டால்? அந்தப் பயம் அவர்களைச் சும்மா இருக்கவிடவில்லை. ஜெயித்தே ஆக வேண்டும் என்று எல்லோருமாக முன்னால் ஏறினார்கள். பின்னால் திறந்துகிடந்தது. மலை அணியின் ஒரு பெண் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு தனியாக ஓடி, மங்கின வெளிச்சத்தில் கோல் போட்டாள். சற்று நேரத்தில் விசில். சென்னையிலும் அப்போதுதான், கோல் இல்லாமலே முடிந்தது.

நம் அணி இறுதிப் போட்டிக்குப் போயிற்று. தீவு அணி வெளியேறிற்று. நான் கேட்டைத் திறக்காமல் இருந்திருந்தாலும் இதே விதிதான், இதே முடிவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் செயலாளர் முதலில் சொன்னதற்கு நான் தலையாட்டியிருந்தால் இங்கே டிரா போதும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அது மட்டும் நிச்சயம்.

பிறகு விசாரணை வந்தது. ஒரு நகரத்தின் கூட்டத்தை ஒரு கிராமத்துச் சாவுக்காகக் காக்க வைத்தது யார் என்று கேட்டார்கள். நான் எழுந்து வாயைத் திறப்பதற்குள் செயலாளர், "நான்தான் சொன்னேன். முடிவு என்னுடையது" என்றார். வெளியே வந்ததும், "சார், முடிவு என்னோடதுதானே?" என்றேன். "உன்னோடதுதான். ஆனா அதுக்குத் திட்டு வாங்கறதுக்குத்தான் எனக்கு அந்த நாற்காலியைக் கொடுத்திருக்காங்க" என்றார். பிற்பாடு அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தபோது என்னால் முடிந்த அளவு அந்த வேலையையும் செய்தேன். உங்களில் யாராவது ஒருநாள் உட்கார்வீர்கள். செய்யுங்கள். அதோடு, ஒரு மைதானத்தைப் பார்க்கப் போகும்போது, ஆட்டமில்லாத நாட்களில் அந்த வழியாக யார் போகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். எனக்கு அன்று வரை அது தோன்றியதில்லை.

ஆனால் அந்த நாளை நான் விசாரணையோடு சேர்த்து நினைப்பதில்லை. ஆட்டம் முடிந்த அந்தச் சாயங்காலத்தோடுதான் நினைக்கிறேன்.

மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். தீவு அணியின் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. பெண்கள் சிலர் உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போய் நின்றேன்.

அவரே நிமிர்ந்து பார்த்தார். "சென்னையில் கடைசி வரை கோலே இல்லையாமே. அப்படித்தான் முடியும் என்று தெரிந்திருந்தால் என் பெண்களை இவ்வளவு ஓடவிட்டிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "எங்கள் ஆட்டம் எப்படி முடியும் என்று அவர்களுக்கும் தெரியாது, இல்லையா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

"அப்படியானால் சரி" என்றார்.

அந்த நேரத்தில் பின்கேட் வழியாக இறந்தவரின் மகள் வந்தாள். கையில் ஒற்றைச் செருப்பு. இன்னொன்றைத் தேடிக் காரிடம் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். "அம்மா சொன்னாங்க, நீங்கதான் நிறுத்தி வச்சீங்கன்னு" என்றாள். "அப்பா மூஞ்சிய பாத்துட்டேங்க."

பயிற்சியாளர் எழுந்து நின்றார். யார் என்று கேட்டார். சொன்னேன். தோற்றுப்போய் ஊருக்குத் திரும்ப இருந்த அந்தப் பெண்மணி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் அப்பாவின் பெயர் என்ன?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"சவரிமுத்து" என்றாள் அவள்.

"சாவாரி… மூட்டு" என்றார் அவர்.

"இல்ல, சவரி. முத்து."

பேருந்து ஜன்னலில் தலைகள் எட்டிப் பார்த்தன. அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். இன்னொருத்தி சொன்னாள். ஆளுக்கு ஒரு விதமாக வந்தது. எதுவும் சரியாக வரவில்லை. மகள் ஒவ்வொருத்திக்கும் பொறுமையாகத் திருத்திக்கொண்டே போனாள். ஐந்தாவதோ ஆறாவதோ சொன்னது மிகவும் கோணலாக இருந்தது. கன்னத்தில் கண்ணீர் காயாமலேயே அவள் சிரித்துவிட்டாள். பேருந்து முழுவதும் சிரித்தது.

பேருந்து நகர்ந்து வாலாஜாபாத் சாலையில் திரும்பும்போதும், பின் ஜன்னலிலிருந்து யாரோ ஒருத்தி அந்தப் பெயரைக் கத்திச் சொல்லிக்கொண்டே போனாள். இந்தத் தடவை அது சரியாக இருந்தது.